பன்னிரண்டும் வலது கால்

ஆந்தை கக்கிய உருண்டையை உஷ் அக்கா அத்திமரத்தின் வேருக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. மறுபடி குனிந்து, இடுக்கியால் அதைத் தூக்கி, ஒரு காய்ந்த இலைக்கடியில் பாதி மறையும்படி செருகினார். இப்போது சரி. முழுசாகத் தெரிந்தால் பிள்ளைகள் "ச்சீ" என்று தாண்டிக் குதித்துப் போய்விடுவார்கள். பாதி தெரிந்தால்தான் குச்சி எடுத்துக் கிளறுவார்கள். கிளறினால்தான் உள்ளே எலியின் தாடையெலும்பு அகப்படும். அகப்பட்டால்தான் நாற்பது வாய்களும் ஒரே சமயத்தில் பிளக்கும்.

மணி ஏழு. பள்ளிப் பேருந்து எட்டரைக்கு வரும். அதற்குள் முள்ளம்பன்றி முள் ஒன்று, பாம்புச் சட்டை ஒன்று, மரங்கொத்தி இறகு இரண்டு, அணில் கடித்துப் போட்ட கொட்டைகள் ஒரு கைப்பிடி, எல்லாவற்றையும் காட்டுப்பாதையில் அங்கங்கே தற்செயலாக விழுந்தமாதிரி விழவைத்தாக வேண்டும். தற்செயலுக்குத்தான் எவ்வளவு வேலை! பிஸ்கட் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் அவர் நடந்து போகிற அழகைப் பார்த்தால், காட்டிலிருந்து எதையோ திருடிக்கொண்டு போகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் செய்வது நேர் எதிர்.

இந்தக் காரியத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் "கடை விரிக்கறது." சரக்கெல்லாம் தீர்ந்து டப்பா காலியானதும் மூடியைத் தட்டி மூடுவார். "காடு இஷ்டத்துக்கு லீவு போடும். பஸ்ஸு போடாதே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த இயற்கைக் கல்வி மையம். இரண்டு அறை, ஒரு கொட்டகை, பின்னால் ஓர் ஓடை. வாரத்துக்கு மூன்று பள்ளிகள் வரும். பதினோரு வருஷமாகப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து எண்ணிக்கை குறையாமல் ஒப்படைப்பது இவர் வேலை. உஷ் அக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வயது நாற்பத்தொன்பது. ஒரு பையன் வாய்தவறி "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டான். அன்று முழுக்க அவன் வரிசையின் கடைசியில் நடந்தான். திட்டவில்லை, முறைக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றியமைத்தார்.

அவர் போடும் 'உஷ்'களில் வகை உண்டு. வெட்டினமாதிரி ஒரு குட்டி 'உஷ்' வந்தால் பேச்சை நிறுத்த வேண்டும். காற்றுப்போன டயர் மாதிரி நீளமாக வந்தால் அப்படியே உட்கார வேண்டும். உஷ் சொல்லாமல் உதட்டில் விரலை மட்டும் வைத்தால், நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த மூன்றாவது வகை வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் வரும்.

வீட்டிலும் இதே நடைதான். அவர் கணவர் சலவை எந்திர மெக்கானிக். முன்னறையே அவருக்குப் பட்டறை. "பூன மாதிரி பின்னாடி வந்து நிப்பா. ரெண்டு தடவ ஸ்பேனர கால்ல போட்டுக்கிட்டேன்," என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருவிரல் நகத்தைக் காட்டுவார். "ஊர்ல எல்லா வீட்லயும் குப்பைய வெளிய கொண்டு போவாங்க. எங்க வீட்ல மட்டும்தான் உள்ள வரும்." சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க உஷ் அக்காவின் கண்ணாடிப் புட்டிகள். ஒருநாள் மிளகு என்று நினைத்து கணவர் ஒரு புட்டியை எடுத்து, இடிப்பதற்கு உரலில் கொட்டியும்விட்டார். அது மிளகில்லை. பெரிய கம்பளிப்பூச்சி ஒன்று ஒரு வாரம் தின்றுவிட்டுப் போட்ட எச்சம். கணவர் கத்திய கத்தலுக்கு உஷ் அக்காவின் பதில், "ஐயோ, இடிச்சிட்டீங்களா? ஒரு வாரம் உக்காந்து பொறுக்கினேங்க."

ஏன் இந்தக் கடை விரிப்பு? வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு வகுப்பை அழைத்துப் போனார். நாற்பது பிள்ளைகள், எண்பது ஷூக்கள். அந்தச் சத்தத்துக்கு எது நிற்கும்? அணில்கூட வரவில்லை. இரண்டு மணிநேரம் மரம், செடி, இலை, மறுபடி மரம். திரும்பிப் பேருந்தில் ஏறும்போது ஒரு பையன் படியில் நின்று, மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "அக்கா, காடு எப்ப வரும்?"

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அடுத்த பள்ளி வந்தபோது, தாம் எப்போதோ பொறுக்கி வைத்திருந்த ஒரு முள்ளம்பன்றி முள் பாதையோரம் கிடந்தது. முதலில் பார்த்த சிறுமி போட்ட கூச்சலில் பின்வரிசை ஓடி வந்து முன்வரிசை மேல் விழுந்தது. அதன்பிறகு எந்தப் பிள்ளையும் காடு எப்போது வரும் என்று கேட்கவில்லை.

ஆனால் உஷ் அக்காவை ஏமாற்றுக்காரி என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவரிடம் சட்டதிட்டங்கள் இருந்தன. வைக்கிற பொருள் எதுவானாலும் இதே காட்டில் கிடைத்ததாக இருக்க வேண்டும். எங்கே கிடைக்குமோ அங்கேதான் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயால் பொய் சொல்லக் கூடாது. "இங்க முள்ளம்பன்றி வந்துச்சு" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகள் முள்ளைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, இது எப்படிக்கா இங்க வந்துச்சு?" என்று கேட்டால், புருவத்தை மட்டும் உயர்த்தி, "நீ என்ன நெனக்கிற?" என்பார்.

எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில். நீ என்ன நெனக்கிற? ஆசிரியர்கள் அதைக் கேட்டு அசந்துபோவார்கள். "பாருங்க, பதில் சொல்லாம யோசிக்க வைக்கறாங்க!" என்று ஒரு தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டில் அரைப்பக்கம் பாராட்டி எழுதியிருக்கிறார். உஷ் அக்கா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார்.

சரக்குகளிலேயே ராஜா சரக்கு ஒன்று உண்டு. அது டப்பாவில் கிடக்காது. ஒரு பழைய காலுறைக்குள் தனியாக இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பெருமழை. ஓடையில் வெள்ளம் வந்து வடிந்த மறுநாள் காலை, கரை மணலில் ஒரே ஒரு காலடித் தடத்தை அவர் கண்டார். அகன்ற பாதம், ஐந்து விரல்கள், விரல்களுக்கிடையே சவ்வு இழுத்த கோடு. நீர்நாய்! அந்த ஓடையில் நீர்நாயை யாரும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. மற்ற தடங்களைத் தண்ணீர் தின்றுவிட்டிருந்தது. மிச்சம் அது ஒன்றுதான், வலது முன்னங்கால். கை ஒடிந்தால் மாவுக்கட்டுப் போடுவார்களே, அந்தப் பிளாஸ்டர் மாவைக் கரைத்துத் தடத்தில் ஊற்றி, காயும்வரை பக்கத்திலேயே குடைபிடித்து உட்கார்ந்திருந்தார். எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையளவு வெள்ளைப் பாதம், அச்சு அசல்.

அந்தப் பாதத்தை ஈர மணலில் அழுத்தினால் தடம் விழும். ஒரு முறை அழுத்தினார், நன்றாக இருந்தது. தண்ணீரிலிருந்து புதர்வரை பன்னிரண்டு முறை அழுத்தினார், பிரமாதமாக இருந்தது. எல்லாம் ஒரே கால் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. ஆறு வருஷத்தில் முந்நூறு பள்ளிகளுக்கு மேல் அந்தத் தடத்தைச் சுற்றி நின்று பார்த்திருக்கின்றன. உயிரியல் ஆசிரியர்கள் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குத் தோன்றியது.

வகுப்பில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். சட்டைப்பையில் பேனா செருகுகிற இடத்தில் அவள் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல் செருகியிருப்பாள். இறகைப் பார்த்ததும் மற்றவர்கள் "ஹே!" என்றார்கள். இவள் பதினொன்று புள்ளி இரண்டு என்றாள். ஓடைக்கரையில் மற்ற பிள்ளைகள் செல்ஃபி எடுக்கக் கணக்கு டீச்சரிடம் போனைக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் மண்டிபோட்டுப் பன்னிரண்டு தடங்களையும் ஒவ்வொன்றாக அளந்து, நோட்டில் பன்னிரண்டு படம் போட்டாள். பிறகு எழுந்து வந்து உஷ் அக்காவின் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, குட்டி விரல் எல்லாத்துலயும் இடது பக்கமே இருக்கு."

"அப்படியா?"

"அப்ப பன்னெண்டும் வலது காலு." தன் வலது கையைப் புறங்கை மேலே தெரியும்படி விரித்துக் காட்டினாள். நீர்நாய்க்குக் கட்டைவிரல்தான் இருப்பதிலேயே குட்டி; அவள் கட்டைவிரலும் இடது பக்கம்தான் இருந்தது. "ஒரு நகத்துல சின்னதா ஒடஞ்சிருக்கு. அதுவும் பன்னெண்டுலயும் இருக்கு. எப்படிக்கா?"

உஷ் அக்கா குனிந்து பார்த்தார். பிள்ளை சொன்னது சரிதான். ஆனால் பதினோரு வருஷப் பழக்கம் வாயைத் தானாகத் திறந்தது.

"நீ என்ன நெனக்கிற?"

ஸ்கேல் தலையாட்டினாள். அந்தக் கேள்வியைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கணக்கு டீச்சரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, சனிக்கிழம ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சி. நீங்க கண்டிப்பா வரணும். நம்ம ஸ்கேல் இல்ல, அவ ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்கா. ஒத்தக்கால் நீர்நாய்!"

"என்ன கால்?"

"ஒத்தக்காலுக்கா. நாலு சார்ட்டு, களிமண் பொம்மை, எல்லாம் ரெடி. விலங்கியல் பேராசிரியர் ஒருத்தர் வேற வராரு பாக்க. அவ உங்களத்தான் சாட்சின்னு சொல்லிட்டிருக்கா. நீங்க வரலேன்னா அழுதுடுவா போல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மையத்தின் மேலாளர் நிற்கிறார். இருபத்தெட்டு வயசு. வாரம் ஒரு புது யோசனையோடு வருவதால் அவருக்குப் பெயர் புதுசு சார். வாசலில் "இங்கு நீங்கள் காண்பவை யாவும் உண்மை" என்று பலகை எழுதி மாட்டியவர் அவர்தான். ஸ்கேலின் செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. "அக்கா! ஒத்தக்கால் நீர்நாய்தான் இனிமே நம்ம லோகோ. பெயின்டர வரச் சொல்லிட்டேன். உலகத்துல எங்கயாவது இருக்கா சொல்லுங்க?"

"எங்கயும் இல்ல சார்," என்றார் உஷ் அக்கா. அதில் ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை.

அன்று மாலை விஷயத்தைக் கணவரிடம் கொட்டினார். கணவர் ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"போய்ச் சொல்லிடு. நாந்தான் குத்தினேன்னு."

"சொன்னா வேலை போயிடுங்க."

"அப்ப சொல்லாத."

"சொல்லாட்டி அந்தப் புள்ள மானம் போயிடும். பேராசிரியர் முன்னாடி ஒத்தக்கால் நீர்நாய்னு சொன்னா சிரிக்க மாட்டாரா? ஸ்கூல் முடியறவரைக்கும் அவள நொண்டி நீர்நாய்னுதான் கூப்பிடுவானுங்க."

"அப்ப ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணு."

உஷ் அக்கா மூன்றாவதாக ஒன்றை முடிவு பண்ணினார். நீர்நாய்க்கு ஒரு கால்தானே இருக்கிறது? மிச்ச மூன்றையும் கொடுத்துவிட்டால் போகிறது! கரையில் நாலு காலும் பதிந்த புதுத் தடம் போட்டு, வெள்ளிக்கிழமை ஸ்கேலை வரவழைத்துக் காட்டினால், அவளாகவே திருத்தி எழுதிக்கொள்வாள். பிள்ளையும் தப்பிக்கும், வேலையும் தப்பிக்கும். புதன்கிழமை மூன்று குளியல் சோப்பும் ஒரு சிறு கத்தியுமாகச் சமையலறையில் உட்கார்ந்தார். பிளாஸ்டர் பாதத்தைப் பார்த்துப் பார்த்து, விரல் விரலாக, நகம் நகமாக, ஒன்றரை மணிநேரம் செதுக்கினார். முடித்ததும் பெருமையோடு கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கணவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுவும் வலதுதான்."

அப்படியே பார்த்துச் செதுக்கினால் அதேதானே வரும்? இரண்டாவது சோப்பைக் கண்ணாடி முன் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற பாதத்தைப் பார்த்துச் செதுக்கினார். இந்த முறை இடது கால் வந்தது. காயட்டும் என்று குளியலறை மாடத்தில் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் உள்ளேயிருந்து கணவரின் குரல் கேட்டது: "ஏம்மா, சோப்புக்கு அஞ்சு விரல் இருக்கு!" ஓடிப் போய்க் கதவைத் தட்டி, "தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க!" என்று கூவினார். "தேய்ச்சாச்சு. இப்ப மூணு விரல்தான் இருக்கு."

மிஞ்சிய ஒரு சோப்பில் வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து இன்னோர் இடது காலைச் செதுக்கினார். வெள்ளி விடிந்ததும் ஓடைக்குப் போனார். முதல் அழுத்தம் அருமை. இரண்டாவதில் ஒரு விரல் மணலோடு நின்றுகொண்டது. மூன்றாவதில் நுரை வந்தது. கரையோரம் வாசனைத் தண்ணீர் குமிழ்விட்டு ஓடியது. நீர்க்கோழி ஒன்று வந்து பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்கிறமாதிரி திரும்பிப் போயிற்று. உஷ் அக்கா கரையில் உட்கார்ந்துவிட்டார். கை இரண்டும் மல்லிகை மணத்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தின் நீண்ட வகுப்பறை ஒன்றில் கண்காட்சி. எரிமலை ஒன்று சமையல் சோடாவைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒரு பையன் உருளைக்கிழங்கில் விளக்கெரிப்பதாகச் சொல்லி அரைமணி நேரமாக உருளைக்கிழங்கைத் தட்டிக்கொண்டிருந்தான். கடைசி மேசைதான் ஸ்கேலுடையது. மேசை நடுவில் களிமண் நீர்நாய். கொழுகொழுவென்ற உடம்புக்கு அடியில் ஒரே ஒரு கால், நாற்காலியின் உடைந்த கால் மாதிரி. அது விழாமல் இருக்கப் பின்னால் ஒரு ரப்பர் முட்டுக்கொடுத்திருந்தாள்.

"ஏய், உன் நாய் நொண்டி ஆடுமா?" என்றான் எரிமலைக்காரன்.

"நாய் இல்ல, நீர்நாய். ஆடாது, தத்தும். ஒரு தத்துக்கு முப்பத்தியொரு சென்டிமீட்டர்."

"தூங்கும்போது எப்படித் தூங்கும்? சாஞ்சா?"

"அத நான் அளக்கல," என்றாள் ஸ்கேல். அளக்காததைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

உஷ் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் தோளைத் தொட்டார். "கண்ணு, ஒரு நிமிஷம் வெளிய வரியா? உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அக்கா! வந்துட்டீங்களா!" அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் உஷ் அக்காவுக்கு வந்த வழியே ஓடிவிடலாமா என்றிருந்தது. "இருங்கக்கா, இப்ப வர முடியாது. சாரு மூணாவது மேசைக்கு வந்துட்டாரு. நீங்க மொதல்ல சார்ட்ட படிங்க. தப்பிருந்தா சொல்லுங்க."

உஷ் அக்கா சார்ட்டைப் படித்தார். வட்டவட்டமான எழுத்து. தலைப்பு: "ஏன் பன்னிரண்டும் வலது கால்?" கீழே நாலு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தீர்ப்பு.

"ஒன்று. பன்னிரண்டு நீர்நாய்கள் வந்து, ஆளுக்கு ஒரு தடவை வலது காலை வைத்திருக்கலாம். சாத்தியம் குறைவு. நெரிசல் ஆகும்.

இரண்டு. மற்ற மூன்று கால்களையும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கலாம். வயிறு மணலில் உரசியிருக்கும். உரசவில்லை.

மூன்று. அதற்கு ஒரே ஒரு கால்தான் இருக்கிறது. அளவுகள் எல்லாம் பொருந்துகின்றன.

நான்கு. மனிதர் யாராவது அச்சு வைத்துக் குத்தியிருக்கலாம்."

நாலாவது வரி மட்டும் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் நேராக அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் காரணம் எழுதியிருந்தது: "உஷ் அக்கா அங்கே இருந்தார்."

அவர் அந்த வரியை இரண்டாம் முறையும் படித்தார். கணக்கில் ஓர் இடத்திலும் பிழையில்லை. நீளம் சரி, விரல் சரி, உடைந்த நகம் சரி, யோசித்த வழியும் சரி. சரியான விடை சார்ட்டிலேயே இருந்தது. அதை அடித்தது அவர் பெயர்.

அதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார். வழுக்கைத் தலை, தொங்கும் மூக்குக்கண்ணாடி, பின்னால் தலைமையாசிரியரும் கணக்கு டீச்சரும் பதினைந்து இருபது பிள்ளைகளும். அந்த நெரிசலில் உஷ் அக்கா பின்னுக்குத் தள்ளப்பட்டு, உயரமான பையன்கள் நாலைந்து பேருக்குப் பின்னால் போய் நின்றார்.

பேராசிரியர் களிமண் நீர்நாயை உற்றுப் பார்த்தார். மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்பது கடைசி வரிசைக்கும் தெரிந்தது. "ஒத்தக்கால்ல நீந்துமாம்மா இது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எரிமலைக்காரன் ஒற்றைக்காலில் ஒரு தத்துத் தத்திக் காட்டினான். கணக்கு டீச்சர் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

ஸ்கேல் சிரிக்கவில்லை. "நீந்தறத நான் பாக்கல சார். தடத்த மட்டுந்தான் பார்த்தேன்." பன்னிரண்டு அளவையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லப் பேராசிரியரின் மீசை அடங்கியது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சார்ட்டின் பக்கம் குனிந்தார். நாலாவது வரியில் விரல் வைத்தார்.

"இத ஏம்மா அடிச்சே? எனக்கு இதுதான் சரின்னு படுது."

"எனக்கும் மொதல்ல அதான் சார் தோணுச்சு."

"அப்புறம்?"

"அங்க உஷ் அக்கா இருந்தாங்க சார். அவங்க இருக்கற எடத்துல யாரும் ஏமாத்த முடியாது."

"யாரு அந்த உஷ் அக்கா?" பேராசிரியர் தலைமையாசிரியரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "அவங்களுக்குத் தெரியாம யாராச்சும் வந்து குத்திட்டுப் போயிருந்தா?"

"அவங்களுக்குத் தெரியாம அங்க எலகூட விழாது சார்."

மறுபடி சிரிப்பு. இம்முறை கணக்கு டீச்சருக்கும் அடக்க முடியவில்லை. ஸ்கேல் நிமிர்ந்து நின்றாள். கையிலிருந்த ஸ்கேலை மேசைமேல் வைத்தாள், மறுபடி எடுத்தாள். குரல் மட்டும் இறங்கவில்லை.

"சிரிச்சா மாத்த முடியாது சார். யாராவது வந்து நாந்தான் குத்தினேன்னு சொல்லணும். அப்பதான் நாலாவத நான் திருப்பி எழுதுவேன்."

"யாரும்மா வந்து சொல்லுவா?" என்றார் பேராசிரியர், சுற்றி நின்றவர்களை விளையாட்டாக ஒரு பார்வை பார்த்து. "இங்க யாராச்சும் இருக்கீங்களா?"

பையன்களின் தலைகளுக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. வளையல் தெரிந்தும் முகம் தெரியவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று கண்டதும், வகுப்பில் விடை தெரிந்த பிள்ளைகள் செய்வதுபோல, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து, குதிகாலைத் தூக்கி, உஷ் அக்கா அதை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.